நயினாதீவின் நிழற் பூச்சாடிகள்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது 1658ஆம் ஆண்டில். கோட்டை கைக்கு வந்த பின்னர், குடாநாட்டுக்கு மேற்கே கடலிற் சிதறிக் கிடந்த தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை அவர்கள் இட்டு வழங்கினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம், எழுவைதீவு ஊர்ண், நெடுந்தீவு டெல்வ்ற், வேலணை லெய்டன் என்றவாறு பெயர்கள் சென்றன. நயினாதீவுக்குக் கிடைத்த பெயர் ஆர்லம்.

இப்பெயர்களுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் காண்பது எளிது. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கிளைச் சபைகள் ஆறு நகரங்களில் இயங்கின. அவற்றுள் ஐந்தின் பெயர்கள் இத்தீவுகளிற் காணப்படுகின்றன. லெய்டனும் ஆர்லமும் அத்தொகுதியைச் சேர்ந்தவை அல்ல. லெய்டன் பல்கலைக்கழகத்தாற் பெயர்பெற்ற நகரம். ஆர்லமோ பூவினாற் பெயர்பெற்ற நகரம். ரியூலிப் என்னும் கிழங்குப் பூச்செடியை வளர்ப்பதும் விற்பதும் அந்நகரத்தாரின் பெருந்தொழில். ஒரு கிழங்குக்கு ஒரு வீட்டின் விலை கேட்கப்பட்ட பித்தும் அந்நாட்டில் ஒருகாலத்து நிலவியது. 1637ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஏலம் கேட்பாரின்றி அவ்வணிகம் முதன்முதற் சரிந்த இடமும் ஆர்லமே என்பர். அந்தப் பூ நகரத்தின் பெயர் இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், மண் ஆழமில்லாத, ஆறில்லாத, உப்புக்காற்று வீசும் ஒரு சிறு தீவின்மீது வந்து விழுந்தது. பெயரிட்ட உத்தியோகத்தர் பூவை எண்ணி இட்டிருப்பார் என்று கொள்வதற்கு இடமில்லை. ஆயினும் அப்பெயரை நினைந்து அத்தீவின் வீடுகளை நோக்குவோருக்கு ஒரு வினா எழாமற் போகாது. இந்நிலத்திற் பூச்செடி வைத்து வளர்ப்பது எவ்வாறு இயலும்?

நயினாதீவின் பரப்பு ஏறத்தாழ நான்கு சதுரக் கிலோமீற்றர். அடியிற் சுண்ணாம்புக்கல். அதன்மேல் மெல்லியதொரு மண் போர்வை. பனையும் பூவரசும் வேரூன்றி நிற்க இம்மண் போதும். மெல்லிய வேருடைய பூஞ்செடிக்கு இது போதாது. வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று வீசும்போது கடலின் உப்புத் துளி வீட்டு முற்றம்வரை வந்து இலையிற் படியும். மழையோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களில் வாடைக்காற்றோடு வந்து போய்விடும். எஞ்சிய மாதங்களுக்குக் கிணறே கதி.

அக்கிணற்றின் நீரும் ஒரு நுட்பமான சமநிலையில் நிற்பது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் துளைகள் வழியே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல், பாரம் குறைந்ததாதலின், மிதந்து நிற்கும். நடுவிற் பருத்தும் ஓரத்தில் மெலிந்தும் கிடக்கும் அந்நன்னீர்த் தொகுதியின் வடிவத்தைக் கண்ணாடி வில்லைக்கு ஒப்பிடுவர். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிவரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தாற் கீழே நாற்பதடி குறையும். தீவிற் கிணறு இறைப்போர் எல்லோரும் அறிந்துவைத்திருக்க வேண்டிய கணக்கு இது. இதனை முதலில் எழுத்தில் வைத்தவர்களுள் ஒருவர் ஒல்லாந்துப் படைப் பொறியியலாளரான படோன் கைபன் என்பவர். அம்ஸ்ரடாம் நகருக்கு அண்மையிற் கிணறு தோண்டுவது பற்றி 1889இல் வெளிவந்த குறிப்பொன்றில் அவர் இதனை விளக்கினார். 1901ஆம் ஆண்டில் எர்ஸ்பேர்க் என்னும் செருமானியர் வடகடற் றீவொன்றின் கிணறுகளை ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார். தீவுகளுக்கு நகரப் பெயரிட்ட நாட்டவர், அத்தீவுகளின் கிணற்று நீரைப் பற்றிய உண்மையைத் தங்கள் மணற்குன்றுகளின் அடியிற் கண்டுகொள்ள இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இத்தகைய நிலத்தில் ஒரு வளவு முழுவதையும் பூந்தோட்டமாக்குவது, குடிக்கும் நீரை மண்ணில் ஊற்றுவதற்கு ஒப்பாகும். சாடியோ வேறு. நல்ல மண்ணை வெளியிலிருந்து கொணர்ந்து ஒரு வளவை நிரப்ப முடியாது, ஒரு சாடியை நிரப்பலாம். ஒரு செம்பு நீர் அதற்குப் போதும். அச்சாடியை வெயிலினின்று நீக்கி விறாந்தையிலோ மரத்தடியிலோ வைத்தால் அந்த ஒரு செம்பும் இரண்டு நாளைக்கு வரும். வெயிலிற் செடி நீரை இலைவழியாக இழக்கும் வேகம் மிகுதி. மண்சாடியின் சுவர்வழியே கசிந்து ஆவியாவதும் மிகுதி. நிழலில் இரண்டும் குறையும். ஆகவே தீவு வீட்டின் நிழலில் வரிசையாக நிற்கும் சாடிகளை அழகுக்கு வைத்தவை என்று மட்டும் கொள்வது குறைக் கணிப்பாகும். அளந்து செலவிடும் நன்னீரைக்கொண்டு பசுமை காணும் வழி அது.

நிழலும் கலமும் நயினாதீவுக்குப் புதியன அல்ல. பழங்கதைகளிலேயே இரண்டும் வந்து நிற்கின்றன. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வாரும் உளர். குடாநாட்டையே அது குறிக்கும் என்பாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், அக்கதையின் நடுவே கோமுகிப் பொய்கையிலிருந்து மேலெழும் பொருள் ஒரு பாத்திரம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வற்றாது ஊட்டும் அமுதசுரபி, நீர் வற்றும் தீவொன்றின் கதையில் இடம்பெற்றமை பொருத்தமே. மகாவம்சம் கூறும் நாகதீபக் கதையில் நிழல் வருகின்றது. மணியாசனம் ஒன்றின் பொருட்டுப் போரிட்ட நாக அரசர் இருவரை அமைதிப்படுத்தப் புத்தர் வந்தபோது, சமித்திசுமனன் என்னும் தேவன் தான் உறைந்த மரத்தையே பெயர்த்தெடுத்து அவருக்குக் குடையாகப் பிடித்து வந்தான் என்றும், அம்மரம் பின்னர் நாகர்களுக்கு வழிபாட்டுக்காக அளிக்கப்பட்டது என்றும் அந்நூல் கூறும். அம்மரத்தை, வன்னிக் காடுகளில் இனிய பழந்தரும் பாலை மரத்தோடு ஒன்றாக வைத்து எண்ணுவர். வெயில் காய்ந்த தீவுக்கு வந்தவருக்குத் தேவன் ஒருவன் மரநிழலைச் சுமந்து வந்தான் எனக் கதை கட்டியவர், இந்நிலத்தின் வெம்மையை அறிந்திருந்தார் போலும்.

கலத்திற் செடி வைத்துக் கடல் கடந்த கதையும் இப்பகுதிக்கு உரியது. தேவநம்பிய தீசன் காலத்தில், கி. மு. மூன்றாம் நூற்றாண்டில், சங்கமித்தை போதிமரத்தின் கிளையொன்றைக் கொணர்ந்தாள். அக்கிளையைத் தாங்கிய பொற்கலம் ஒன்பது முழச் சுற்றளவும் ஐந்து முழ ஆழமும் உடையது என மகாவம்சம் அளவு கூறுகின்றது. கப்பல் வந்தடைந்த சம்புகோளம் என்னும் துறை, மாதகலுக்கு அருகிலுள்ள சம்பில்துறை என்பர். இதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது எகிப்திய அரசி அற்செப்சுத்தின் செயல். புந்த் நாட்டிலிருந்து சாம்பிராணி மரங்களை வேரோடு கூடைகளில் வைத்துக் கப்பலில் ஏற்றுவித்த காட்சி, நைல் நதிக்கரையிலுள்ள அவளுடைய கோயிற் சுவரிற் செதுக்கப்பட்டிருக்கின்றது. அரசர்களும் அரசிகளும் செய்வித்தவை ஆதலின் இவை எழுத்திலும் கல்லிலும் ஏறின.

ஆயினும் எளியோர் இல்லங்களில் நிழலிலே கலத்திற் பயிர் வளர்த்தமைக்குச் சான்று தமிழில் வேறோரிடத்தில் இருக்கின்றது. கண்ணகியின் திருமணத்தைக் கூறும் மங்கல வாழ்த்துப் பாடலில், முளைவிட்ட பாலிகைகளை ஏந்திவரும் மகளிரை இளங்கோவடிகள் காட்டுகின்றார். பாலிகை என்பது அகன்ற வாயுடைய மட்கலம். அதில் மண்ணிட்டு, ஊறவைத்த தானியம் தூவி, நீர் தெளித்து, சில நாளில் முளை எழச் செய்வர். யாழ்ப்பாணத்துத் திருமண வீடுகளிற் பொன்னுருக்கும் நாளில் மணமான பெண்கள் மூவரோ ஐவரோ கூடி நவதானியத்தைத் தூவும் முளைப்பாலிகை அம்மரபின் தொடர்ச்சியே. கோயிற் றிருவிழாக்களுக்கு முன்னர் நிகழும் அங்குரார்ப்பணமும் அதுவே. அக்கிரியை இராக்காலத்தில் நிகழ்வது. பயிர்களுக்கு அதிபதி சந்திரன் என்பது ஆகமத்தார் கொள்கை. நவராத்திரிக் காலத்தில், வீட்டின் உள்ளறையிற் கும்பம் வைத்து அதனைச் சூழ மண் பரப்பித் தானியம் முளைக்கச் செய்யும் வழக்கமும் யாழ்ப்பாணத்தார் நன்கு அறிந்தது. ஒன்பது நாளில் அவ்வறையின் மங்கிய ஒளியில் எழும் முளை பச்சையும் மஞ்சளும் கலந்த இளநிறத்தோடு நிற்கும். அதனைக் கண்டு மகிழாத பிள்ளைகள் இல்லை.

கிரேக்க நாட்டிலும் இதற்கு ஒப்பான வழக்கம் ஒன்று இருந்தது. அடோனிசு என்னும் இளைஞனின் மறைவுக்கு இரங்கிய மகளிர், உடைந்த சட்டிகளிற் கீரை விதையும் பெருஞ்சீரகமும் தூவி அவற்றைக் கூரைமேல் வைத்தனர். விரைந்து முளைத்து விரைந்து வாடிய அச்செடிகளைக் கடலில் எறிந்தனர். வேரூன்றாத, விளையாத முயற்சிக்கு அதனையே உவமையாகத் தத்துவஞானி பிளேற்றோ எடுத்தாண்டார். கிரேக்கப் பெண்கள் கொளுத்தும் வெயிலிலும் தமிழ்ப் பெண்கள் நிழலிலும் தங்கள் சட்டிகளை வைத்தமை இரண்டு வழக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு. அங்கே வாட்டத்துக்காக வளர்த்தனர், இங்கே செழிப்புக்காக வளர்த்தனர்.

பாலிகையின் முளை நேராகவும் செழித்தும் எழுந்தால் நன்மை, கோணியும் கருகியும் எழுந்தால் தீமை என்று நிமித்தம் பார்க்கும் வழக்கம் உண்டு. முளை கோணுவதற்குக் காரணம் யாது? இங்கிலாந்திற் சாள்ஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிசும் இதனை ஆராய்ந்து 1880ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டனர். புல்லின் இளமுளையின் நுனிக்கு ஒளி புகாத தொப்பி மாட்டினால் அது வளைவதில்லை என்றும், நுனி திறந்திருந்தால் ஒளி வரும் பக்கத்துக்கே சாய்கின்றது என்றும் அவர்கள் கண்டனர். ஒரு பக்கத்துக் கதவு மட்டும் திறந்த அறையில் வைத்த பாலிகை அக்கதவை நோக்கிச் சாய்வது இதனாலேயே. விறாந்தையில் வைத்த பூச்சாடியை வாரம் ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைத்தாற் செடி நிமிர்ந்து நிற்கும். நிமித்தம் பார்த்த பாட்டிமார், பாலிகையை அவ்வாறு திருப்பி வைத்திருப்பின், எல்லா மணவீட்டுக்கும் நன்மையே கண்டிருப்பர்.

பாலிகை சில நாட்களில் நீரிற் கரைக்கப்படுவது. ஆண்டு முழுவதும் நிழலில் நின்று நிறம் காட்டும் செடிகள் தீவுக்கு வந்தது பிற்காலத்தில். அவற்றின் வரவு பெரிதும் பிந்தியமைக்குக் கடல் ஒரு காரணம். நயினாதீவுக் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153-1186) பொறிப்பித்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசி வணிகருக்குக் காவல் அளிப்பதும், உடைந்த கப்பலின் பொருளைப் பங்கிடுவதும் அதன் பொருள். யானையும் குதிரையும் கொணர்ந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. பிற பண்டம் கொணர்ந்த கப்பலாயின் பாதி பண்டாரத்துக்கு உரியது. யானையையும் குதிரையையும் உயிரோடு கப்பலேற்றிக் கொணர்ந்த அக்காலத்தாருக்கு மென்மையான ஒரு செடியை உயிரோடு நெடுந்தூரம் கொணர்வது அரிதாயிருந்தது. விலங்குக்கு நீர் கொடுக்க மாலுமிகள் உடன்படுவர், செடிக்குக் கொடுக்க உடன்படார். மேற்றளத்தில் வைத்தால் உப்புத் துளி கொல்லும், கீழ்த்தளத்தில் வைத்தால் இருள் கொல்லும். சீனத்திலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் செடிகளுள் ஆயிரத்தில் ஒன்றே உயிரோடு சேர்கின்றது என 1819இல் மக்காவோவில் இருந்த வைத்தியரான லிவிங்ஸ்ரன் கணக்கிட்டார்.

இத்தடையை உடைத்தவரும் ஒரு வைத்தியரே. இலண்டனின் கிழக்குப் புறத்தில் வாழ்ந்த நதானியேல் வாட் என்பவர் பன்னச் செடிகளில் விருப்பம் உடையவர். ஆலைப் புகை அவற்றை வாழவிடவில்லை. 1829ஆம் ஆண்டில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய போத்தலில் வைத்திருந்தார். பூச்சியைக் காத்திருந்த அவர் கண்டது, அம்மண்ணில் ஒரு பன்னமும் ஒரு புல்லும் தாமாக முளைத்து நிற்பதையே. பகலில் எழும் ஆவி கண்ணாடியிற் படிந்து இரவில் மீண்டும் மண்ணுக்கு இறங்கியது. ஊற்றிய நீர் வெளியேறவே இல்லை. 1833இல் கண்ணாடிப் பெட்டிகளிற் செடிகளை வைத்துச் சிட்னி நகருக்கு அனுப்பினார். அவை வழியில் நீர் ஊற்றாமலே உயிரோடு சேர்ந்தன. அவுஸ்திரேலியச் செடிகளும் அவ்வாறே திரும்பி வந்தன. 1842இல் தம் கண்டுபிடிப்பை அவர் நூலாக எழுதினார்.

இப்பெட்டிகள் இலங்கையின் பொருளாதாரத்தையே மாற்றின என்பது நாடறிந்த செய்தி. பிறேசிலில் விக்கம் என்பவர் திரட்டிய இறப்பர் விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைவிட்டன. 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் 1876ஆம் ஆண்டிற் கொழும்புக்கு வந்தன. கம்பகாவுக்கு அண்மையிலுள்ள எனறத்கொடைத் தோட்டம் அவற்றின்பொருட்டே அமைந்தது. இறப்பரும் சிங்கோனாவும் வந்த வழியிலேயே, அரசாங்கக் கணக்கேடுகளிற் பெரிதும் இடம்பெறாத அழகுச் செடிகளும் உலகெங்கும் பரந்தன. யாவாவைச் சேர்ந்த கோலியசு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவை அடைந்தது. 1868இல் இலண்டனில் அதன் கலப்பினங்கள் ஏலத்திற் பெருவிலைக்குப் போயின. ரியூலிப் பித்துக்குப் பின்னர் ஐரோப்பியர் அடைந்த இலைப் பித்து அது எனலாம். அசாமின் ஈரக் காடுகளிலிருந்து வெள்ளிப் பட்டையிட்ட இலையுடைய பெகோனியா 1850களில் வந்தது. தென்னமெரிக்காவிலிருந்து கலேடியம் வந்தது. பசிபிக் தீவொன்றுக்கு உரிய கொடியொன்று 'மணி பிளான்ற்' என்ற பெயரோடு உலகமெங்கும் போத்தல்களிற் புகுந்தது.

இவற்றுள் யாழ்ப்பாணத்தார் வீடுகளிற் பெருஞ்செல்வாக்குப் பெற்றது குரோட்டன். அதன் தாயகம் மொலுக்காத் தீவுகளும் அவற்றுக்குக் கிழக்கிலுள்ள தீவுகளும். அதனை விரிவாக எழுதிவைத்த றும்பியசு, யாழ்ப்பாணத்தை ஆண்ட அதே ஒல்லாந்துக் கொம்பனியின் ஊழியராக அம்பொய்னாத் தீவில் வாழ்ந்தவர். 1670இற் கண்பார்வை இழந்தார். 1674இல் நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் இழந்தார். 1687இல் தீயிற் படங்களை இழந்தார். கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதியை ஏற்றிச் சென்ற கப்பலும் 1692இல் மூழ்கியது. எஞ்சிய பிரதியைக்கொண்டு அவருடைய மூலிகை நூல் அச்சேறியது, அவர் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர். கண்ணிழந்த ஒருவர் பிறர் கண்கொண்டு நிறம் கேட்டறிந்து எழுதிய செடி, இன்று நயினாதீவுவரை வேலியோரத்திலும் விறாந்தையிலும் நிற்கின்றது. ஈழத்திலும் கொம்பனி வைத்தியரான போல் எர்மன் 1672ஆம் ஆண்டு முதற் செடிகளைச் சேகரித்தார். பின்னர் லெய்டனிற் பேராசிரியரானார். அவருடைய உலர்செடித் தொகுதியை வைத்தே லின்னேயசு இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் நூலை 1747இல் எழுதினார். லெய்டன் என்று பெயர் பெற்ற வேலணையில் இன்னும் வேலியோரங்களில் நிற்கும் செடிகள் பலவற்றின் அறிவியற் பெயருக்கு மூலம், மற்றை லெய்டனில் இருந்த அக்காய்ந்த இலைகளே.

வீட்டார் கைக்கு இச்செடிகள் வந்து சேர உதவியவை பூந்தோட்டங்கள். கொழும்புக் கொம்பனித்தெருவிற் கியூ என்ற பெயரோடு தொடங்கிய தோட்டம் களுத்துறைக்குச் சென்று, 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பிற் பேராதனையில் நிலைபெற்றது. அங்குப் பணியாற்றிய மக்மில்லன் 1910இல் வெளியிட்ட வெப்பநாட்டுத் தோட்டக்கலைக் கைந்நூல், இலங்கையில் வீட்டுத்தோட்டம் வைப்போருக்கு நெடுங்காலம் வழிகாட்டியாயிற்று. சாடிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு யாழ்ப்பாணத்தார் வழங்கும் விறாந்தை என்னும் சொல்லோ போர்த்துக்கேயர் வாய்வழி வந்தது. மலையகத்துத் தோட்டத்தின் செடி, போர்த்துக்கேயர் பெயரிட்ட தாழ்வாரத்தில், குயவர் வனைந்த சட்டியில், தீவுக் கிணற்று நீரைக் குடித்து வளர்வதாயிற்று.

பேராதனையின் மழைக்குப் பழகிய செடி எல்லாம் தீவின் நீருக்குப் பொருந்தாது. பெகோனியாவும் கலேடியமும் பன்னமும் உவர்நீரைப் பொறா. இலையின் ஓரம் முதலிற் கருகும், பின்னர் முழு இலையும் உதிரும். கோலியசும் மெலியும். குரோட்டன் ஓரளவு தாங்கும். ஆயின் அதனை முழு நிழலில் வைத்தாற் சிவப்பும் மஞ்சளும் மங்கிப் பச்சையே மிஞ்சும். காலை வெயில் சிறிது படும் விளிம்பிலேயே அது தன் நிறத்தைக் காட்டும். நிழலையும் வறட்சியையும் உவரையும் ஒருங்கே பொறுக்கும் செடி வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. இந்நாட்டுக்கே உரிய மருள் அத்தகையது. இலையில் வரிவரியாகக் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் தீட்டி வாள்போல் நிமிர்ந்து நிற்கும் அதன் அறிவியற் பெயரின் பிற்பகுதி ஈழத்தையே குறிக்கின்றது. அதன் நார் ஒருகாலத்து வில்லுக்கு நாணாயிற்று. தங்கள் காட்டோரத்துச் செடி அதுவென்று அறியாமல், அதன் ஆபிரிக்க இனத்தை விலைகொடுத்து வாங்கி வரவேற்பறையில் வைப்போர் இன்று பலர்.

நிழற் றோட்டத்தின் நிறம் பூவைக் காட்டிலும் இலையைச் சார்ந்தது என்பதும் இங்குக் கருதத்தக்கது. பூப்பதற்கு ஒளி மிகுதியாக வேண்டும். நிழலிற் பிறந்த காட்டுச் செடிகளோ குறைந்த ஒளியைப் பிடிக்க அகன்ற, மெல்லிய இலைகளை விரிப்பன. அவற்றுட் சிலவற்றின் இலைக்கு அடிப்புறம் செந்நீலம் ஓடியிருக்கும். சிலவற்றில் வெண்புள்ளி சிதறியிருக்கும். கடும் வெயிலில் வைத்தால் வெளிறிப்போகும் இந்நிறங்கள் தாழ்வாரத்தின் பரவிய ஒளியில் ஆழ்ந்து தோன்றும். மல்லிகையும் செவ்வரத்தையும் பூக்காத இடத்தில் வீட்டார் நிறம் கண்டது இவ்விலைகளிலேயே.

1990களின் தொடக்கத்திற் போர் தீவுப்பகுதியைச் சூழ்ந்தபோது, தீவுகளின் மக்கள் பெருந்தொகையினர் வீடுகளை விட்டு வெளியேறினர். குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றோர் பலர். மனிதர் நீங்கிய வளவில் எது எஞ்சும் என்பதைச் செடிகளின் இயல்பே கூறும். பனை எஞ்சும். பூவரசு எஞ்சும். நிலத்தில் நட்ட மருள் எஞ்சும். சாடியில் நிற்பது எஞ்சாது. கூரைக்குக் கீழ் வைத்த சாடிக்கு மழையும் எட்டுவதில்லை. அது மனிதர் கையையே முற்றிலும் நம்பி வாழ்வது. நீர் ஊற்றும் கை நின்ற சில கிழமைகளுள் நிழற்சாடிச் செடி காய்ந்துவிடும். ஆதலின் தீவு வீடொன்றின் விறாந்தையிற் பசுமையாக நிற்கும் ஒரு சாடி, அங்கே ஆள் இருப்பதற்குச் சான்று. திரும்பி வந்தோர் வீடுகளில் அது மீண்டும் வைக்கப்பட்ட செடி. ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் குளிர்காலத்து யன்னலோரத்திற் கறிவேப்பிலையையும் துளசியையும் சாடியில் வைத்துக் காக்கும் தீவார், அதே கலையை வேறொரு காரணத்துக்காகத் தொடர்கின்றனர். அங்கே பஞ்சம் நீருக்கன்று, வெயிலுக்கு.

குறிகட்டுவானிலிருந்து படகேறி ஆனி மாதத் திருவிழாவுக்கு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும், மற்றைக் காலங்களில் நாகவிகாரைக்கும் வருவோர் தொகை பெரிது. வருவோர் குடிக்கவும் குளிக்கவும் நீர் வேண்டும். கிணற்றில் இயந்திரம் வைத்து மிகுதியாக இறைக்கும்போது, மேலே கூறிய நாற்பதடிக் கணக்கின்படி, அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறிவருகின்றது. கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரங்கள் இப்பொழுது தீவுகளில் உதவுகின்றன. எனினும் அவ்வாறு பெறும் நீரைப் பூச்சாடிக்கு ஊற்ற எவருக்கும் மனம் வராது. சாடிக்குக் கிடைப்பது கிணற்று உவரோ அரிசி கழுவிய நீரோதான்.

அவ்வுவரின் கணக்கைச் சாடியே எழுதி வைத்துக்கொள்ளும். மண்சாடியின் சுவர்வழியே நீர் கசிந்து ஆவியாகும், நீரில் இருந்த உப்பு ஆவியாகாது. அது வெளிச்சுவரில் வெண்மையாகப் படியும். உப்புப் பூத்திருக்கிறது என்று தமிழர் கூறுவது அதனையே. ஆர்லம் என்று பெயர் பெற்ற தீவில் வெயில் மாதங்களிலும் தவறாது பூப்பது அந்த ஒரு பூத்தான். சுவரிற் பூக்கும் அளவுக்கு உள்ளே மண்ணிலும் உப்புச் சேர்ந்திருக்கும். வேர் அதனைத் தாங்காது. இதற்கு மருந்து மழைநீர் ஒன்றே. சாடியின் அடித்துளையை அடைத்திருக்கும் ஓட்டுச் சில்லைச் சரிசெய்து, ஐப்பசியின் முதற் பெருமழையிற் சாடியை நிழலினின்று எடுத்து இறவாரத்தின் கீழ் வைக்கவேண்டும். கூரையிலிருந்து விழும் நீர் மண்ணை ஊடுருவி, அடித்துளை வழியே சில நாழிகை ஒழுகவேண்டும். முதலில் ஒழுகும் நீர் கரிக்கும். கரிப்பு நின்ற பின்னர், மழை விடுமுன்னரே, சாடியைத் துடைத்து மீண்டும் விறாந்தைக்கு ஏற்றிவிடலாம்.